கரும்புக்குக் குளிரும்

ஜூலை. விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
செர்டாவ்சின்யோவில் புல்லெல்லாம் உறைபனி.
நான்காம் முறை சாவி திருப்புகிறாள் இவொனெச்சி.
இருமுகிறது டாக்சி, கிளம்பவில்லை.
கரும்புச் சாராயத்துக்குக் குளிரும்.
பானெட்டைத் தூக்கி, சின்ன டப்பாவில்
ஒரு மிடறு பெட்ரோல் விடுகிறாள்,
காப்பியில் பிராந்தி விடுவதுபோல.
சீறிப் பிடிக்கிறது.

கண் எரிக்காத புகை.
திருவிழா முடிந்த தெருவின் வாசம் அதில்.

"லாபம்தானே?" என்கிறார் பின்சீட்டுக்காரர்.
லிட்டர் மலிவுதான்.
பெட்ரோல் பத்துத் தெரு போனால்
இது ஏழு.
மிச்சம் மூன்றையும் நடந்து தீர்க்கிறான்
தம்பி வால்தெசிர்,
தீ வைத்த தோட்டத்தில், வெட்டுக்கத்தியோடு,
முழங்கால்வரை கரி.

நேற்று பங்க்கில் வரிசை பாலம் தாண்டியது.
வெளிநாட்டில் சர்க்கரை விலை ஏறியதாம்;
ஆலைக்கு மனசு மாறிவிட்டது.
எங்கோ யாரோ கலக்கும் தேநீரில்
கரைந்துகொண்டிருக்கிறது
அவள் டாங்க்.

மதியம் வீட்டுக்கு வந்தால்
கொடியில் வெள்ளைச் சட்டைகள்,
மேலே மெல்ல இறங்கும் கரும்புச் சாம்பல்.
தேய்த்தால் கறை. உதறத்தான் வேண்டும்.
உதறுகிறாள், ஒவ்வொன்றாய், அவசரமாய்.
நான்கு மணிக்குள்
வரிசையில் இடம் பிடிக்கணும்.