இழுப்பறை

காஸ்ஸலில் ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர்
இந்த வண்டியை எங்களுக்கு விற்றபோது
சாவியோடு இரண்டு அலுமினியத் தண்டுகளையும் தந்தார்.
உறை பிரிக்காதவை.
"பதினொரு வருஷம். ஒருநாளும் பூட்டியதில்லை" என்றார்,
பல் விளக்காமலே எண்பதைத் தொட்டவர்போல
ஒரு பெருமை முகத்தில்.

வண்டியின் வலப்பக்கச் சுவரில் ஓர் அறை.
பொத்தானை அழுத்தினால் வெளியே நீளும்
சோபா, மேசை, யன்னல், யன்னல் திரை எல்லாமாக.
மறுபடி அழுத்தினால் உள்ளே வந்து
எங்கள் முழங்கால்களில் முட்டி நிற்கும்.
தமிழில் இதற்கு நான் பெயர் தேடவேண்டியிருக்கவில்லை.
இழுப்பறை என்றேன்.
குகதாஸ் சிரித்தார்.
அந்தப் பயணத்தில் அதற்குப் பிறகு
நெடுநேரம் அவர் சிரிக்கவில்லை.

டோர்ட்மூண்டில் லிஃப்ட் திருத்துகிறவர் அவர்.
பிடிப்பதும் விடுவதும்தான் தொழில்.
"மோட்டருக்குள்ளேயே பிரேக் இருக்கு.
பல்சக்கரம் தானாப் பின்னுக்குச் சுத்தாது.
தண்டைப் பூட்டிப்போட்டு
மறந்துபோய்ப் பொத்தானை அமத்தினா
பல்லு உடையும். ஆர் மறக்கிறது?"
அந்த 'ஆர்' என்னைப் பார்த்துத்தான்.
வீட்டுச் சாவியை நான் ஃப்ரிட்ஜில் வைத்தது
ஒரேயொரு தடவை.

நான் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்பவள்.
மூன்று வயதுக்காரனுக்கு அந்தக் கொளுக்கி எட்டாது என்று
எந்தப் பொறியியலாளர் சொன்னாலும்
எழுந்துபோய் ஒருதரம் இழுத்துப் பார்ப்பேன்.
அய்ஃபல் மேடுகள் முடியும்வரை
இதே கதை, இதே வாக்கியங்கள்,
கியர் மட்டும் மாறிக்கொண்டிருந்தது.

மோசல் நேராக ஓடத் தெரியாத ஆறு.
என்கிர்ஷுக்குச் சற்று முன்னால்
தெரு இடப்பக்கம் ஒடிந்தபோது
அலுமாரிக்குள் ஒரு கோப்பை உருண்டது.
கண்ணாடியில் பார்த்தேன்.
சுவரும் அறையும் சேரும் இடத்துக் கறுப்பு ரப்பர்
கண்ணுக்கு மை தீட்டியதுபோல் தடித்திருந்தது,
ஆற்றின் பக்கமாக.
"நிப்பாட்டுங்கோ."

பின்னால் திராட்சைத் தோட்டத்து ட்ராக்டர் ஒன்று
பொறுமையாகக் ஹோர்ன் அடித்தது, பிறகு பொறுமையில்லாமல்.
அவர் இறங்கி உருக்கு அளவுகோலை வைத்தார்.
"நாலு மில்லிமீட்டர். ரப்பர் வெயிலுக்கு ஊதியிருக்கு."
"ஒரு விரல்" என்றேன்.
"உன்ர விரலா, என்ர விரலா?"
வானத்தில் வெயிலே இல்லை.

ட்ராபனில் மழை.
அறையை வெளியே விடாமல் படுத்தோம்.
ஒடுக்கத்தில் ஒருவர் திரும்ப
மற்றவரிடம் அனுமதி கேட்கவேண்டும்,
நாங்களோ பேசாதிருந்தோம்.
நடுச்சாமத்தில் உறை கிழியும் சத்தம்.
திருகு இறுகும் சத்தம், மெல்ல,
குழந்தையை எழுப்பாமல் தொட்டிலைவிட்டு நகர்வதுபோல.
கண்ணை மூடிக்கொண்டே கிடந்தேன்.

காலையில் அவர் பல் விளக்கப் போயிருந்தார்.
கோப்பிக்கு இடம் வேண்டும்.
பொத்தானை அழுத்தினேன்.

அந்த ஓசையை எழுதத் தெரியவில்லை.
கட்டிய கயிற்றை அறுக்கப் பார்க்கும் மாடு,
அதன் தொண்டைக்குள் ஓர் இரும்பு.
விரலை எடுத்துவிட்டேன்.
வாய் நிறைய நுரையோடு வாசலில் அவர்,
பிரஷ் இன்னும் பல்லிடுக்கில்.
கருகிய மணம் கொஞ்சம் வந்தது, போய்விட்டது.
தண்டுகள் வளையவில்லை.
பல்லும் உடையவில்லை.

அறை நகரும் என்ற நானும் சரி.
மறப்பாய் என்ற அவரும் சரி.
இருவரும் சரியாகிப்போன காலையில்
சண்டைபிடிக்க ஒன்றும் மிஞ்சாமல்
நின்றபடியே கோப்பி குடித்தோம்.

இப்போது தண்டு பூட்டியிருந்தால்
பொத்தானுக்கு ஒரு சிவப்புக் காலுறை போட்டுவிடுகிறோம்.
அவருடையது. துவைத்ததுதான்.
அறையின் விளிம்பு நிற்கும் இடத்தில்
தரையில் பென்சில் கோடு ஒன்று.
ஒவ்வொரு தரிப்பிலும்
சப்பாத்து நாடா கட்டுவதுபோல் குனிந்து
அதைப் பார்த்துக்கொள்கிறார்.
இதுவரை நகரவில்லை.

நாடா இல்லாத செருப்புத்தான் போட்டிருக்கிறார்.
நான் அதைச் சொல்வதில்லை.