மூன்று-ஏ

காத்ர் போர்ன் என்றால் நான்கு எல்லைக்கல்.
அந்த ஊரில், கரும்பு வெட்டிய நிலத்தில் எழுந்த
அடுக்ககத்துக்கு நான்காம் மாடி இல்லை.
லிஃப்டில் மூன்று, மூன்று-ஏ, ஐந்து.
"சீனத்தில் நான்கும் சாவும் ஒரே மாதிரி ஒலிக்கும், மதாம்"
என்றான் விற்க நின்ற தெவென் சின்னாப்பென்,
டையைத் தளர்த்திக்கொண்டே.
பதினெட்டு வருடம் வார்டில் இருந்தவள் நான்.
நான்காம் கட்டிலைத் தேடி
அது வந்ததாக நினைவில்லை.

பாதி வீடுகளை ஏற்கெனவே பார்த்து
விலை வைத்திருந்தார் மிஸ்யே லிம் ஃபாட்.
சிவப்புத் துணியிலிருந்து திசைவட்டை எடுத்தார்,
பிறந்த குழந்தையை எடுப்பதுபோல.
சுவருக்குள் கம்பி; ஊசி தடுமாறியது.
பால்கனிக்குப் போய் மூச்சு வாங்கிக்
கோர் தே கார்த் மலையைப் பார்த்துத் திரும்பி வந்தார்.

நூல் எழுதியவர்களுக்கு வெயில் தெற்கே,
நமக்கோ வடக்கே,
ஆகவே சிவப்புப் பறவையும் கறுப்பு ஆமையும்
இடம் மாறித்தான் ஆகவேண்டும் என்றார்.
போர்ட் லூயியில் இதே தொழில் செய்யும் அவர் அண்ணன்
மாறக்கூடாது என்கிறாராம்.
இருவரும் பேசிப் பதினோரு வருடம்.

வடக்கே தலைவைக்காதே என்று
எங்கள் வீட்டிலும் சொல்வார்கள்.
கப்பலேறி வந்தவர்கள் அந்த வடக்கை
நடுக்கடலில் திருப்பி வைத்தார்களா
அப்படியே கொண்டுவந்து இறக்கினார்களா
தெரியாது. கேட்கவுமில்லை.

எட்டாம் மாடிக்கு இரண்டு லட்சம் அதிகம்.
எட்டு என்றால் செல்வமாம்.
எங்கள் பக்கம் அது சனி;
அட்டமியன்று ரசீதில்கூடக் கையெழுத்துப் போடமாட்டார் மாமா.
யாருடைய கணக்கு சரியோ,
எட்டு எனக்கு எட்டவில்லை.

மிச்சமிருந்தது மூன்று-ஏ, பின்பக்கம்.
தெற்குப் பார்த்த சன்னல், எதிரே கார் நிறுத்தும் சுவர்.
லிம் ஃபாட் வாசலிலேயே நின்றுவிட்டார்.
"இங்கே யின் அதிகம். மூடிய கிணறு.
தூங்கலாம், எழுவதுதான் கடினம்."
நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

காலை பத்து மணி.
இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தேன்,
கம்பளிச் சட்டைக்குக் கீழே சீருடை, கையில் டெட்டால் வாசம்.
இப்போதிருக்கும் அறையில் சன்னலுக்கு அலுமினியத் தாள்,
கண்ணுக்குத் துப்பட்டா,
அதையும் மீறி இமைக்குள் ஆரஞ்சு நிறத்தில் பகல்.
இங்கே
என் விரலே எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து கேட்டேன்:
ஊர் தூங்கும்போது விழித்திருந்து
ஊர் விழித்ததும் தூங்குகிறவளுக்கு
உங்கள் வட்டில் எந்தப் பக்கம்?

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வளையம் வளையமாகப் பார்த்தார்.
"நூலில் இல்லை" என்றார்.
பிறகு, உள்ளங்கையிலேயே வைத்து,
வட்டைப் பாதிச் சுற்றுத் திருப்பினார்.

எந்த ஆஸ்பத்திரி?
கான்டோஸ்.
எந்த வார்டு?
சொன்னேன்.
அதற்குப் பிறகு கட்டிலை எங்கே போடுவது என்பதை மட்டுமே
இருவரும் பேசினோம்.
வெகுநேரம் பேசினோம்.
தெவென் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தான்.

ஜூலையில் சுவர் வியர்க்கிறது.
அலமாரியின் முதுகில் பூஞ்சை.
அதையும்தான் சொல்லியிருந்தார், மறைக்கவில்லை.

காலை ஏழரைக்கு
பள்ளிப்பைகளும் ஈரத் தலைமுடியும்
நிரம்பி இறங்கும் லிஃப்டுக்கு வழிவிட்டு நிற்கிறேன்.
காலியானதும் ஏறி,
இல்லாத மாடியின் பொத்தானை அழுத்துகிறேன்.