பன்னிரண்டு ரூபாய் வாஷர்

பத்தாயிரத்துக்கு மேல போகாதீங்க என்றார்
புரோக்கர் சோணைமுத்து.
வாங்குறவன் கண்ணு
மொதல்ல வாசக்கதவுல விழும்,
அப்புறம் பாத்ரூம்ல.

கீழவாசலில் சந்தன நிறம் கேட்டு வாங்கினேன்.
ஆசிட் ஊற்றித் தேய்த்ததில்
டைல்ஸில் ரோஜாப்பூ இருந்தது தெரிந்தது.
கல்யாணப் படம் மாட்டிய ஆணி ஓட்டைக்கு
வெள்ளை சிமெண்ட்.
கீல்களுக்குத் தேங்காயெண்ணெய்.
ஐப்பசிக்கு ஊறும் வடக்குச் சுவரில் மட்டும்
இரண்டு கோட்டிங்.
இது மாசி. காட்டிக் கொடுக்காது.

அடுப்படிக் குழாய்
ஒன்பது வருஷமாய்ச் சொட்டியது.
அதை வைத்து எத்தனை ராத்திரி
முகம் திருப்பிப் படுத்தோம்.
நீ திருப்பூர் போன பிறகும் சொட்டியது.
வாஷர் பன்னிரண்டு ரூபாய்.
போட ஆளே தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வில்லாபுரம் வந்தார்கள்,
புருஷனும் பெண்டாட்டியும்.
அவர் மூலைமூலையாய் டேப் பிடித்தார்.
அவள் நேரே போய்க் குழாயைத் திறந்து
ஒரு கை நீரை வாயில் விட்டுத் துப்பினாள்.

"உப்பு.
எங்க ஏரியாவும் இதே லட்சணந்தான்."
மூடினாள்.
சொட்டவில்லை.

"மழைக்கு எப்பிடிக்கா?"
என்று என்னைக் கேட்டாள்.

சோணைமுத்து செருமினார்.
நான் வடக்குப் பக்கம்
திரும்பாமல் நின்றேன்.