03/04

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் கணக்கு
என் நிரலில்தான் ஓடுகிறது.

எடைப் பெட்டியில் ஒச்சம்மாள்
'ஒன்னேமுக்கா' என்று அடித்திருந்தாள்.
எண் அல்ல என்றது ஃபிரேம்வொர்க், சிவப்பில்.
ராத்திரி ஒரு மணிக்கு
மாற்றி ஒன்று எழுதினேன்:
கால், அரை, முக்கால்;
வீசமும் சேர்த்தேன், யாரும் கேட்காமலே.
காற்புள்ளியை லட்சத்தில் நிறுத்த
ஒரே வரி போதுமாயிருந்தது.

தேதியை மறந்தேன்.
அமைப்பில் அமெரிக்கா அப்படியே கிடந்தது.
ஏப்ரல் மூன்றில் அவள் வாங்கிய முன்பணம்
மார்ச் நாலுக்குப் போய்
வட்டி குட்டி போட்டுவிட்டது.

போனில் அவள் கத்தவில்லை.
'வாங்காத நாளுக்கும் வட்டியா தம்பி?'

திருத்தினேன். நாற்பத்தோராவது வரி.

மறுநாள்
மல்லிகை கிலோ விலைப் பெட்டியில்
அவள் அடித்திருந்தது:
'பாத்துப் போடுங்க.'

சிவப்பு எரிகிறது.
இதை எதுவாக மாற்றுவது என்று
இன்னும் நான் எழுதவில்லை.