கடிகாரத்துக்கான துளை

பகலில் நான் பல் செய்பவள்.
ஷிமிசு துறைமுகத்தின் பின்தெருவில்
யார் யார் வாய்க்கோ கடைவாய்ப்பல் கடைந்து
பீங்கான் தூள் தும்மி
ஆறரைக்கு வீடு வருவேன்.
இரவில் அதே துரப்பண ஊசிதான்
விமானியின் இருக்கையில் ஓட்டை போடுகிறது.

எடை குறைக்கவாம் அத்தனை ஓட்டை.
நாற்பத்தெட்டில் ஒரு பங்கு:
என் சுண்டுவிரல் நகத்தில்
உட்கார்ந்துகொள்ளும் இருக்கை.
ஒரு ஓட்டை சற்றே கோணலாகிவிட்டது.
பல்லாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பச்சைக்குத்தான் பெரிய சண்டை.
இரண்டாம் வியாழன்தோறும்
கூட்டுறவுச் சங்கத்து மாடியில் கூடும் பதினொரு பேரில்
ஷியோசாவா மிட்சுபிஷி பச்சை என்பார்,
உன்னோ நாகாஜிமா பச்சை என்பார்.
ஒருமுறை உன்னோ
தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தே போனார்.
நான் இரண்டையும் கலந்தேன்,
கொஞ்சம் பழுப்பு, ஒரு சொட்டுக் கறுப்பு.
உலர்ந்தபோது
நேற்று வெந்த கீரையின் நிறம்.
இருவருமே ஒத்துக்கொள்ளாத பச்சை
அநேகமாகச் சரியாக இருக்கும்.

மதுப்புட்டியின் கழுத்துத் தகட்டைக் கீறிப் பட்டைகள்.
இடுப்புக்கு இரண்டு, தோளுக்கு ஒன்றே ஒன்று.
பூட்டி வைப்பதா, திறந்து போடுவதா?
பூட்டினால்
வெறும் இருக்கையை யாரோ கட்டிப்போட்டதுபோல் இருக்கிறது.
திறந்து, ஒன்றை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டேன்,
அவசரமாக ஒன்றுக்குப் போனவன் விட்டதுபோல்.

ஆளை நான் செய்யவில்லை.
பெட்டியில் இருக்கிறான்,
கை தனி, தலை தனி,
சட்டத்தில் காய்த்தபடி.
ஆனால் இடது விளிம்பில் வெள்ளி தேய்க்கும்போது
(பச்சை போய் உலோகம் தெரிய வேண்டுமே)
கை நின்றது.
எவ்வளவு உயரம் அவன்?
எந்தக் காலை முதலில் வைப்பான்?
குள்ளனென்றால் குதிகால் இங்கே உரசும்.
குள்ளன் என்றே வைத்துக்கொண்டேன்.
சும்மா இருக்கும்போது
நெம்புகோல் குமிழைத் திருகிக்கொண்டிருப்பான் என்றும் தோன்றியது.
அதையும் கொஞ்சம் தேய்த்தேன்.

பிறகு அளவிகள்.
கடுகைவிடச் சிறிய வட்டங்கள்,
ஒவ்வொன்றின்மேலும் ஒரு துளி வார்னிஷ்,
அதுதான் கண்ணாடி.
உயரம், வேகம், எண்ணெய், திசை.
கடைசியாகக் கடிகாரம்.
இடுக்கி நுனியிலிருந்து
டிக்.
போயிற்று.

பாயில் முழந்தாளிட்டேன்.
தூசி உறிஞ்சியின் வாயில் காலுறையை மாட்டி
அறை முழுக்க உறிஞ்சினேன்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியதில்
கிடைத்தவை: ஒரு கம்மலின் திருகு,
போன வருஷத்து விமானம் ஒன்றின் சக்கரமூடி,
காய்ந்த சோறு.
இரண்டு மணிக்கு
சூரை மீன் லாரிகள் இரைந்துகொண்டு கீழே போயின.
உடலின் இரண்டு பாதிகளையும் பசையிட்டு மூடினேன்.
மூடிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?

ஷியோசாவா பார்த்தார்.
கண்காட்சி மேசையில் குனிந்து
பேனா விளக்கைப் பற்களில் கடித்துக்கொண்டு
(மேல்வரிசையில் இரண்டு நான் செய்தவை)
ரொம்ப நேரம்.

"கதாஹிரா சான், கடிகாரம் இல்லை."
"இல்லை."
"கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.
இது எத்தனை பேருக்குத் தெரியும்!"
உன்னோவைக் கூப்பிட்டுக் காட்டினார்.
உன்னோ பச்சையைப் பற்றி
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
நான் தலையைக் குனிந்துகொண்டேன்.
அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் நாள்
வேலையிடத்துச் செருப்பை உதறியபோது
தரையில் ஒரு கரும்புள்ளி.
பல் பார்க்கும் லென்ஸில் பார்த்தேன்.
கண்ணாடியில் கீறல்கூட இல்லை.
ஐந்தே முக்கால்.
இத்தனை நாளும் என் குதிகாலுக்கடியில்
பேருந்து ஏறியிருக்கிறது,
கண்காட்சிக்கும் வந்திருக்கிறது.

அன்றிரவு பெட்டியைத் திறந்தேன்.
பிளாஸ்டிக் குச்சியொன்றை மெழுகுவர்த்தியில் காட்டி
இழுத்தேன், முடியைவிட மெல்லியதாக ஒரு கயிறு.
இன்னும் சட்டத்திலிருந்து வெட்டப்படாதவனின்
கழுத்தில் மாட்டினேன்.
தலை தனியே இருந்ததால்
மாட்டுவது சுலபமாக இருந்தது.