ஒரு சென்டிமீட்டர்

நேற்றிரவே வாயைக் கட்டியாயிற்று.
புக்கிட் மேரா காப்பிக் கடையில்
யாருக்கோ கோப்பி-ஓ ஆற்றுகிறார்கள்.
மூக்கை எதால் கட்டுவது?

ஊட்ரம் பார்க்.
நகையைக் கழற்றச் சொல்கிறாள் தாதி நோர்ஹயாத்தி.
மோதிரம் சோப்பில்லாமலே வந்துவிட்டது.
செழியன் அதைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு
போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

ஊசி வழியே சர்க்கரை ஏறுமாம்.
பட்டினி எனக்கு,
பந்தி அதற்கு.

ஒரு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும்,
இல்லையென்றால் ஆய்வில் இடமில்லை
என்றார் டாக்டர்.
இரண்டு வருஷமாய்
கரைந்து தொலை, கரைந்து தொலை என்று
நான் திட்டித் தீர்த்ததிடம்
இன்று கெஞ்சுகிறேன்:
கொஞ்சம் நிமிர்ந்து நில்,
அளவெடுக்க வருகிறார்கள்.

நம் சண்டையை
அப்புறம் வைத்துக்கொள்வோம்.