தலைப்பில்லாத கட்டம்

ரீகாவில் டிராம் பணிமனைச் சுவரொன்றில்
முப்பத்தொரு ஆண்டாய்ச் சுண்ணக்கட்டி தின்ற பலகை.
எந்த ஓட்டுநர், எந்தத் தடம், எத்தனை மணி.
அதை இறக்குவதற்கென்றே வந்தவள் நான்.

பையில் நாற்பத்திரண்டு ஸ்லைடுகள்,
வாயில் ‘நாமெல்லோரும் சேர்ந்து’.
முடிவு மேல்மாடியில் எடுக்கப்பட்டது;
அந்த ‘நாம்’ படியிறங்கி வரவேயில்லை.

நூற்றுப்பதினாறு பேர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.
பூட்ஸிலிருந்து பனி உருகி
தரையெங்கும் குட்டிக்குட்டி ஆறுகள்.
ஒரு கேள்வி இல்லை.
மௌனம் சம்மதம் என்பார்கள்;
அறிக்கையிலும் அப்படியே எழுதினேன்.

முதல் திங்கள் இருபத்து மூன்று டிராம் கிளம்பவில்லை.
திரையில் எல்லாமே பச்சை.

மறுநாள் நாலரை மணிக்கு அனுப்பறைக்குப் போனேன்.
மூடச் சொல்லியிருந்த பலகையின் துணியை
ஒரு மூலையில் மட்டும் தூக்கிப் பிடித்து,
அடுத்தவர் சீட்டைப் பார்ப்பவளைப் போல
உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஸ்கைத்ரீதே.
எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
பசிதான் வந்தது.
கம்பு ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தந்தாள்.

“இந்தக் கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பே இல்லையே?”

மென்றுகொண்டே சொன்னாள்:
இமாண்ட்ஸுக்குக் கல்லறைத் தடம் கிடையாது,
மகன் அங்கே இருக்கிறான்.
விடுமுறையில் பூவோடு போவான்;
வேலை நாளில் மணியடித்துக் கடந்துபோக மாட்டான்.
வெல்தாவுக்குச் செவ்வாய்தோறும் தாயின் டயாலிசிஸ்.
குந்தார்ஸும் ரைதிஸும் முன்பின் வண்டியில் கூடாது,
காரணம் இருவருக்குமே மறந்துவிட்டது,
பகை மட்டும் நினைவிருக்கிறது.

“சரி, என்ன பெயர் போடலாம்?”
“பெயர் போட்டால்
அதற்கொரு விண்ணப்பப் படிவம் வந்துவிடும்.”

மேல்மாடியில் ஏழு வாரம் கேட்டேன்.
யார் தவறு என்றார்கள்.
என்னுடையது என்றேன்.
அறை சற்று நேரம் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் இருந்தது.

தலைப்பில்லாக் கட்டத்தை மென்பொருள் ஏற்காது என்றான் பொறியாளன்.
பிறகு தலைப்பின் இடத்தில்
ஓர் இடைவெளியைத் தட்டினான். ஏற்றுக்கொண்டது.

மற்ற அனுப்புநர்களுக்கு ஸ்கைத்ரீதேயே கற்றுக்கொடுத்தாள்,
என் ஸ்லைடுகளில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு.
எந்த மூன்று என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஏப்ரலில் பலகையை அவளே கழற்றினாள்.
நாலாவது திருகு துருப்பிடித்து அசையவில்லை;
இமாண்ட்ஸ் எண்ணெய் கொண்டுவந்தான்.
யாரும் கைதட்டவில்லை.
வண்டிகள் கிளம்ப வேண்டியிருந்தது.

இரண்டு அன்றைக்கும் தாமதம்.
ஒன்றுக்குக் காரணம் பனி.
மற்றது, சேமிக்கும் பொத்தானை நான் மறந்தது.

பலகை இருந்த இடத்தில் வெளுத்த செவ்வகம்.
மறுநாளே யாரோ அதில் ஒரு ஆணியடித்து
ஒற்றைக் கையுறையை மாட்டியிருந்தார்கள்,
கீழே சுண்ணக்கட்டியால்:
யாருடையது?